பயில்வான்கள் ஏறிய வண்டி

சிங்காரம் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். அந்த வீட்டில் இதுவரை யாரும் அழவில்லை.

கல்நெஞ்சுக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரியம்மையில் போனவனுக்கு அழக் கூடாது. ஆத்தா வந்தாள், அவளுக்குப் பிடித்திருந்தது, கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் போய் ஒப்பாரி வைத்தால், 'என்னையா குறை சொல்கிறாய்?' என்று வாசலிலேயே திரும்பி வந்து நிற்பாள் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. மேளமில்லை, சங்கில்லை. நான்கு பேர் வாயைத் திறக்காமல் தூக்கிக்கொண்டு போனார்கள். துக்கம் கேட்கக்கூட ஒருவரும் படியேறவில்லை.

முதல் இரண்டு நாள் அழுகையை அடக்குவது மனோரமாவுக்குக் கஷ்டமாக இருந்தது. அப்புறம் அடக்குவதற்கு ஒன்றுமே இல்லை. காலையில் எழுந்தாள், சாணம் தெளித்தாள், கேழ்வரகு திரித்தாள். புருஷன் செத்துப் போன இருபத்திரண்டு வயதுப் பெண் செய்கிற வேலையாக அவை அவளுக்கே தோன்றவில்லை. யாரோ ஒருத்தி செய்கிற வேலை மாதிரி இருந்தது.

போன வாரம் விட்ட இடத்தை ஒரு தடவை நினைவுபடுத்திக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனோரமா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். மூன்று வயது அம்மு பெட்டியடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைக்கு அணையாக இருந்தது சிங்காரத்தின் துண்டு.

சிங்காரத்தின் பாயையும் துணியையும் நந்தி ஆற்றங்கரையில் கொளுத்தியாகிவிட்டது. இந்த ஒரு துண்டை மட்டும் அவன் அம்மா கௌரியம்மாள் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அம்மை கண்டவுடன் பள்ளிப்பட்டுக்கு, மனோரமாவின் அம்மா வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தை, போன வாரம்தான் திரும்பி வந்திருந்தது. அப்பன் வாசம் அதற்கு எப்படித்தான் தெரிந்ததோ, பெட்டியைக் கிளறி இழுத்துக்கொண்டது.

"நைனா துண்டு," என்றாள் அம்மு, கண் விழித்ததும்.

நேற்று, திங்கட்கிழமை, முனியன் தெருத் தெருவாகத் தண்டோரா போட்டுக்கொண்டு வந்தான். நாளைக் காலை குளத்தங்கரைப் பந்தலில் எல்லோரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும். மெட்ராஸ் குஸ்திப் பயில்வான்கள் கஜபதியும் வீரபத்திரனும் நேரில் வருகிறார்கள். அம்மை கண்ட வீட்டுத் துணிமணியைத் தொட்டவர்கள் மூன்று நாளைக்குள் குத்திக்கொண்டால் தப்பிக்கலாம்.

மூன்று நாள். மனோரமா விரல் விட்டுப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை.

*

செவ்வாய்க்கிழமை காலை, கௌரியம்மாள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, நான் அம்முவ இட்டுகினு கொளத்தங்கரைக்குப் போறேன்."

முறம் நிற்கவில்லை. "செவ்வாக்கெழமையா?"

"இன்னிக்கி உட்டா நாளு தாண்டிப் பூடும்."

"ஆத்தா இப்பதான் எறங்கிப் போயிருக்கா. இன்னும் கூழு ஊத்தி அவள அனுப்பி வெக்கல. அதுக்குள்ள கத்திய எடுத்துக் கொழந்த கையில கீறுவியா? 'என்னத் தொரத்தறாங்க'ன்னு அவ நெனைக்க மாட்டாளா?"

"எனக்கு எங்க ஊர்ல சின்னதுலயே குத்தினாங்க. நான் இன்னா ஆயிட்டேன்?" மனோரமா மேல்கையைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு காசளவுத் தழும்புகள். "பாவா பக்கத்துல பதினோரு நாள் குந்தி இருந்தேன். எனக்கு ஒட்டலியே." புருஷனை அவள் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானுந்தான் குந்தி இருந்தேன். என்ன எவன் குத்தினான்? எனக்கு ஒட்டிகிச்சா?"

துண்டை ஒளித்து வைத்தது யார் என்று மனோரமா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கௌரியம்மாளும் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்த மாதிரிதான் இருந்தது. வராததால் மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

"ஆத்தா எடுத்துகினது போதாதா? மீதி இருக்கற ஒண்ணையும் நீயே தட்டுல வெச்சுக் குடுக்கறியா? ஆடி முடியட்டும். அப்பால பாக்கலாம்."

வீட்டுக்குப் பின்னால் மாமனார் துரைக்கண்ணு ஜட்கா வண்டியில் குதிரையைப் பூட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் பேசியதும் அவர் காதில் விழுந்திருக்கும்.

"மாமா, நீங்க சொல்லுங்க."

துரைக்கண்ணு வார்ப்பட்டையை இழுத்துக் கட்டினார். ஏற்கெனவே இறுகியிருந்ததை இன்னொரு தடவை இறுக்கினார்.

"ரயிலுக்கு நேரமாச்சு," என்றார்.

அவ்வளவுதான். வண்டி போய்விட்டது. அவரைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம் போல் உங்களுக்கு இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் அந்த மனிதர் இருபத்திரண்டு நாளாகப் பேசிய மொத்தப் பேச்சை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். அதில் பாதி குதிரையோடு பேசியது.

*

திருத்தணி ஸ்டேஷனில் வேறு ஜட்காக்களும் நின்றன. துரைக்கண்ணுவின் வண்டியைத்தான் வரச் சொல்லியிருந்தார்கள், அது கொஞ்சம் அகலம் என்பதால்.

இரண்டு பயில்வான்களை ஒரு ஜட்காவில் ஏற்றுவது லேசான காரியமில்லை. பின்பக்கம் பாரம் கூடினால் ஏர்க்கால் தூக்கிக்கொள்ளும், குதிரை அந்தரத்தில் நிற்கும். முன்பக்கம் கூடினால் குதிரை மண்டிபோடும். வண்டிக்காரன்தான் ஆளைப் பார்த்து எடையைக் கணக்குப் பண்ணி உட்கார வைக்க வேண்டும்.

"நீங்க முன்னால வாங்க. அவரு எதுத்தாப்ல. இன்னும் கொஞ்சம். காலை மடக்குங்க. ஆங், அப்படியே இருங்க."

முழங்காலோடு முழங்கால் இடிக்க இருவரும் உட்கார்ந்தார்கள். சுவரொட்டிகளில் ஜன்மப் பகைவர்கள் இவர்கள். 'தீராத வஞ்சம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு டிக்கெட் விற்பார்கள். வீரபத்திரன் பேரைக் கேட்டாலே சிங்காரம் தூவென்று துப்புவான். அந்த வீரபத்திரன் இப்போது வெற்றிலை மடித்து, தானே கஜபதியின் வாயில் வைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

துரைக்கண்ணு அதைப் பார்த்தார். சிங்காரம் பார்த்திருந்தால் எப்படி முழித்திருப்பான் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வழியே போய்விட்டது.

வண்டிக்கூண்டின் உட்புறத்தில் பழைய நோட்டீஸ் படம் ஒன்று ஒட்டியிருந்தது. கர்லாக்கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிற கஜபதி.

"அண்ணே, இங்க பாரு, உன் படம்!" வீரபத்திரன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "மாப்ள கணக்கா கீற. யாருங்க ஒட்டினது?"

"பையன்," என்றார் துரைக்கண்ணு.

"எங்க அவரு? பந்தலுக்கு வருவாரா?"

துரைக்கண்ணு நாக்கைச் சொடுக்கிக் குதிரையை விரட்டினார். பதில் வராததை வீரபத்திரன் கவனிக்கவில்லை. கஜபதி கவனித்தாரோ என்னவோ, படத்திலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டார்.

படத்தில் இருந்த முகம் இப்போது அவரிடம் இல்லை. நெற்றி, கன்னம், மூக்கு நுனி வரைக்கும் குழி விழுந்து, இன்னும் சிவப்பு ஆறாமல் இருந்தது. ஒரு கண்ணின் இமை பாதிதான் திறந்தது. ரயிலிலிருந்து இறங்கியபோதே துரைக்கண்ணு பார்த்துவிட்டார். அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எனக்கும் இவனுக்கும் அன்னிக்கி குஸ்திங்க," என்றார் கஜபதி, கேட்காமலே. இதை ஊர் ஊராகச் சொல்லிப் பழகிய குரல். "வைகாசி கடசி சனிக்கெழம. டிக்கெட் அம்புட்டும் வித்துப் பூட்சி. காலைலயே எனக்கு ஜொரம். முதுகுல ரெண்டு கொப்புளம். வேர்க்குருன்னு சந்தனத்தத் தடவிகினு எறங்கிட்டேன். ஒன்ர மணி நேரம் இவன் மேல புரண்டிருக்கேன். இவனுக்கு ஒண்ணும் வர்ல. சின்னதுல குத்தி இருக்காங்க. எனக்கு எங்கம்மா குத்த உடல."

"நான் தோத்தேன், ஆனா மூஞ்சி தப்பிச்சுது," என்றார் வீரபத்திரன். அதுவும் பழகிய பேச்சுதான். பந்தலில் சொல்லிச் சிரிக்க வைப்பதற்கு.

கஜபதி சிரிக்கவில்லை. "அன்னிக்கி நான் செயிச்சதும் ஜனம் கோதாவுக்குள்ள பூந்துட்டாங்க. கட்டிப் புடிச்சாங்க. தோள்ல தூக்கினாங்க. துண்டால வேர்வையத் தொடச்சாங்க. கோதா மண்ண முடிஞ்சிகினு போனாங்க. எத்தினி பேருன்னு தெரியாது. ஒருத்தர்கிட்ட இருந்து ஒட்டிகினா பன்னெண்டாம் நாள் காய்ச்சல் வரும்னு டாக்டர் சொன்னாரு. அத்தக் கேட்டதுல இருந்து எனக்குச் சரியா தூக்கம் இல்ல."

வைகாசி கடைசி சனிக்கிழமை. குஸ்தி பார்க்க மெட்ராஸ் போன சிங்காரம் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வந்து இறங்கினான். நெற்றியெல்லாம் மண். 'நைனா, நானு அவரக் கட்டிப் புடிச்சேன்! முதுகத் தொடச்சு உட்டேன்! இந்தத் துண்டு இன்னும் ஈரம் காயல பாரு!' என்று ஸ்டேஷன் வாசலிலேயே கத்தினான். அந்த வியாழன் போய் அடுத்த வியாழன் காய்ச்சல் வந்தது.

இவன்தான்.

துரைக்கண்ணு அந்த வார்த்தையை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். கோபம் வரவேண்டிய இடம். சாட்டை கையில் இருக்கிறது, ஆள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறான். ஒன்றும் வரவில்லை. கைகால் மரத்தவன் தன் விரலைத் தானே கிள்ளிப் பார்ப்பது போல் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். அப்போதும் வரவில்லை. வண்டி நேராகக் குளத்தங்கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

*

கிருத்திகைக் காவடிகள் வந்து குவியும் முன் ஊரையே குத்திவிட வேண்டும் என்பது சுகாதார இலாகாவின் திட்டம். சும்மா கூப்பிட்டால் யார் வருவார்கள்? போன வருஷம் அம்மை குத்துகிறவரைப் பார்த்ததும் பாதி ஊர் மலையேறி ஒளிந்துகொண்டது. முருகன் அருளால் அன்று கோவிலில் நல்ல கூட்டம்.

இந்த வருஷம் பயில்வான்கள் வருகிறார்கள் என்றதும் கே.ஜி.கண்டிகையிலிருந்துகூட நடந்து வந்திருந்தார்கள். பந்தலுக்குள் இடமில்லை. படிக்கட்டு முழுக்கத் தலைகள்.

வீரபத்திரன் சட்டையைக் கழற்றியதும் விசில் பறந்தது. அம்மை குத்தும் கோதண்டபாணி, மெலிந்த மனிதர், அந்தப் புஜத்தின் முன்னால் குச்சி மாதிரி நின்றார். பஞ்சால் துடைத்தார். ஒரு சொட்டு அம்மைப் பால் வைத்தார். பல் வைத்த சின்னக் கம்பியை அதன் மேல் அழுத்தி ஒரு திருகு திருகினார்.

"அவ்ளோதானா?" என்றார் வீரபத்திரன் உரக்க. "இதுக்கா பொம்பளைங்க கூட்டம் போட்டு அழறீங்கோ?"

ஜனம் சிரித்தது. வரிசை நகர ஆரம்பித்தது. குத்திக்கொண்ட ஆண்கள் ஒவ்வொருவரும் போய்ப் பயில்வானின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒருவர் குத்திய கையை மடக்கி, தனக்கும் சதை ஏறிவிட்டதா என்று அங்கேயே அழுத்திப் பார்த்தார்.

அப்புறம் கஜபதி எழுந்தார். அவரைப் பார்த்ததும் விசில் அடங்கிவிட்டது. அவர் அதிகம் பேசவில்லை. வண்டியில் சொன்னதைத்தான் சொன்னார். சொல்லி முடித்து, "என் மூஞ்சியப் பாத்துக்குங்க," என்று எல்லாப் பக்கமும் ஒரு தடவை திரும்பிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

பெண்கள் வரிசையில் மனோரமா பதினேழாவதாக நின்றிருந்தாள். கௌரியம்மாள் பக்கத்து வீட்டுக்கு உலக்கை வாங்கப் போன நேரத்தில் அம்முவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்வழியாக வந்துவிட்டாள். இப்படி ஒரு காரியம் அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செய்ததில்லை. நெஞ்சு படபடக்கும் என்று நினைத்தாள். படபடக்கவில்லை.

மேடையில் இருந்த கஜபதியைப் பார்த்தாள். பாவா ராத்திரியெல்லாம் பேசிப் பேசி அவளைத் தூங்கவிடாமல் செய்தது இந்த மனிதரைப் பற்றித்தான். நேரில் பார்த்தால் கும்பிட வேண்டும், அம்முவை அவர் மடியில் வைத்துப் படம் பிடிக்க வேண்டும் என்பான். 'வைகாசி கடசி சனிக்கெழம' என்று அவர் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அது தன் வீட்டைப் பற்றிய பேச்சு என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்தும், முன்னால் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கு பேர். அம்முவின் கால் அவள் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது.

"மனோரமா!"

கௌரியம்மாளின் குரல். பெண்கள் வழிவிட்டார்கள். கையில் முறத்தோடு அப்படியே ஓடி வந்திருந்தாள்.

"குடுடி கொழந்தைய."

"குடுக்க மாட்டேன், அத்த."

"ஊட்டுக்கு வா."

"குத்திகினு வரேன். அப்பால நீங்க என்ன வெரட்டி உடுங்க. எங்க நைனா ஊட்டுக்குப் போயிடறேன். இப்ப குடுக்க மாட்டேன்."

கௌரியம்மாள் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மு வீறிட்டது. கோதண்டபாணி கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மேடையிலிருந்து கஜபதியும் இறங்கி வந்தார். அவர் வந்த பக்கம் ஜனம் விலகியது.

அப்போதுதான் கௌரியம்மாள் அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள்.

குழந்தையின் கையை விட்டுவிட்டாள். முறம் கீழே விழுந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். ஆத்தா முத்துப் போட்டுவிட்டு, உயிரை எடுக்காமல் போன முகம். அவளுக்கு அது பயில்வான் முகமல்ல. கோவில்.

"ஆத்தா, இவரு மேல வந்துட்டு எறங்கிப் போனியே," என்றாள் நேராக அந்த முகத்தைப் பார்த்து. "எம் புள்ள மேல வந்தவ ஏன் எறங்கல? நான் இன்னா கொற வெச்சேன்? வேப்பல மாத்தினேன். எளநி வெச்சேன். சட்டில ஒரு சொட்டு எண்ண ஊத்தல. தலைவாரல. அசலூரு ஆள உள்ள சேக்கல. எதுல தப்பு வந்துச்சி? சொல்லிட்டுப் போ."

இருபத்திரண்டு நாளாக அவள் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். மனோரமாவுக்கு இன்றுதான் தெரிந்தது. மாமியார் பிடிவாதக்காரி என்று நினைத்திருந்தாள். பிள்ளையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளத் தவறித் தானே கொன்றுவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

"உங்க மேல கொற ஒண்ணும் இல்லம்மா," என்றார் கஜபதி.

"அப்ப யாரு மேல?"

"இவரு மேல," என்றது ஒரு குரல்.

துரைக்கண்ணு. பந்தல் கால் ஓரமாக நின்றிருந்தார். ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு எவ்வளவு வண்டிக்கூலி என்று கேட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படித்தான் சொன்னார். ஏற்றமில்லை, இறக்கமில்லை.

"சிங்காரம் அன்னிக்கி மெட்ராஸ்ல இருந்தான். கோதாவுல பூந்து இவரக் கட்டிப் புடிச்சான். முதுகத் தொடச்சான். பன்னெண்டாம் நாள் காய்ச்சல் வந்துது. நீ ஒண்ணும் தப்புப் பண்ணல, கௌரி."

கஜபதி அவரைத் திரும்பிப் பார்த்தார். காலையில் வண்டியில் பதில் வராமல் போன கேள்விக்கு இப்போது பதில் வந்துவிட்டது.

"பையனா?" என்றார்.

"ஆங்."

அவ்வளவு பெரிய மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் சத்தம் வந்தது. விசிலடித்த ஜனம், எதிரியைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றுகிற கஜபதி பயில்வான், பந்தல் நடுவில் வாய்விட்டு அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கௌரியம்மாள் குனிந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அழாத. அழக் கூடாதுப்பா. அவ கோவிச்சிக்குவா. நாங்களே அழல. எந்திரி."

அவர் எழுந்திருக்கவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை. தன் பிள்ளைக்காக ஒருவன் அழுகிறான். இருபத்திரண்டு நாளில் முதல் ஆள். அவன்தான் காரணம். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள அந்த அம்மாளின் மனதில் இடமில்லை.

அப்புறம் நிமிர்ந்து, மனோரமாவிடம் கையை நீட்டினாள்.

"குடு."

மனோரமா பின்வாங்கினாள்.

"இஸ்துகினு ஓட மாட்டேன். குடு."

அம்முவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகப் போய்க் கோதண்டபாணியின் எதிரில் முக்காலியில் உட்கார்ந்தாள். ரவிக்கையில்லாத தன் இடது தோளிலிருந்து சேலையை ஒதுக்கினாள்.

"மொதல்ல எனக்குக் கீறுங்க."

"பெரியவங்களுக்கு அவசரமில்லம்மா. கொழந்தைக்கு..."

"எனக்கு மொதல்ல. அவளுக்குக் கோவம் வந்தா, யாரு மொதல்ல கைய நீட்டினாங்கன்னு பாக்கட்டும். எம் மேல வரட்டும்."

கோதண்டபாணி வாதாடவில்லை. பஞ்சு, பால், ஒரு திருகு. கௌரியம்மாள் கண்ணை இமைக்கவில்லை. அடுத்து அம்முவின் கை. குழந்தை போட்ட கத்தலில் படிக்கட்டில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. கௌரியம்மாள் அதன் வாயைப் பொத்தவில்லை. நன்றாகக் கத்தட்டும் என்று விட்டுவிட்டாள்.

"துணிய தொட்டது எப்போ?" என்று கேட்டார் கோதண்டபாணி.

"ஞாயித்துக்கெழம மத்தியானம்," என்றாள் மனோரமா.

அவர் விரலை மடக்கினார். "மூணுக்குள்ளதான் இருக்கு. எட்டாம் நாள் ஊட்டுக்கு வந்து பாப்பேன். குத்தின எடத்துல பால் கட்டிக் கொப்புளம் எழும்பி இருந்தா புடிச்சிகிச்சுன்னு அர்த்தம். அதுவரைக்கும் கை நனைக்காதீங்க. வேற எங்கயும் கொழந்தைய அனுப்பாதீங்க."

"எழும்பலன்னா?"

கோதண்டபாணி கம்பியை நெருப்பில் காட்டினார். "அடுத்தவங்க வாங்க," என்றார்.

மனோரமா அம்முவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வந்த காரியம் முடிந்துவிட்டது. நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். வெயில்தான் வந்தது. மாமியார் பின்னால் முறத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். தெருமுனையில் கௌரியம்மாள், "கனமா இருக்கும், இங்க குடு," என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

*

சாயங்கால பாசஞ்சருக்குத் துரைக்கண்ணுதான் அவர்களைக் கொண்டுபோய்விட்டார். வேறு வண்டி பிடித்துக்கொள்கிறோம் என்று வீரபத்திரன் சொல்லிப் பார்த்தார். "ஏறுங்க," என்றார் துரைக்கண்ணு. காலையில் மாதிரியே எடை பார்த்து உட்கார வைத்தார்.

வழி முழுக்க வீரபத்திரன் வெற்றிலைப் பெட்டியை எடுக்கவே இல்லை.

ரயில் வந்தது. வீரபத்திரன் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். கஜபதி பிளாட்பாரத்திலேயே நின்றார்.

"உங்க கால்ல உழறதுக்குக்கூட எனக்கு யோக்கியதை இல்ல," என்றார்.

துரைக்கண்ணு சாட்டையைக் கைமாற்றிக்கொண்டார்.

"எட்டாம் நாள் கொழந்த கையில கொப்புளம் எழும்பினா ஒரு கார்டு போடுவீங்களா? வேற ஒண்ணும் எழுத வாணாம். எழும்பிச்சுன்னு மட்டும்."

"போடறேன். எம் மருமவளுக்கு எழுதத் தெரியும்."

ரயில்வே கார்டு சப்தமாக விசில் ஊதினார். கஜபதி படியில் ஒரு காலை வைத்தார். கேட்க வேண்டாம் என்றுதான் அவர் நினைத்திருப்பார். ஆனாலும் கேட்டுவிட்டார்.

"எழும்பலன்னா?"

துரைக்கண்ணு அந்தக் குழி விழுந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தார். நெஞ்சுக்குள் எங்கோ ஓரிடத்தில் சுருக்கென்றது. கோபமாக இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம். எதுவானாலும் இருபத்திரண்டு நாளில் அவருக்கு வலித்தது அதுதான் முதல் தடவை.

"அப்பவும் போடுவேன்," என்றார். "நீங்க தெரிஞ்சிகினுதான் ஆவணும்."

ரயில் நகர ஆரம்பித்தது. கஜபதி படியில் நின்றபடியே தன் விலாசத்தைச் சொன்னார், தெருப் பெயர், கதவு எண், வண்ணாரப்பேட்டை என்று. துரைக்கண்ணு பக்கத்திலேயே நடந்துகொண்டு அதைத் திருப்பிச் சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். மறந்துவிடக் கூடாதென்று வீடு போய்ச் சேரும்வரை அதையே வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வண்டியை ஓட்டினார்.